வீடு அதிர்ந்தால் வீணான வெடி

கிருஷ்ணகிரி, கரூர், திருப்பூர், விருதுநகர், நெல்லை என்று கல் குவாரி நிறைந்த மாவட்டம் எதுவானாலும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் குவாரி மனு வருவது வழக்கமாகிவிட்டது. மனுவின் வாசகம்கூட அதிகம் மாறுவதில்லை. வெடி வைத்தால் வீடு அதிர்கிறது, சுவர் விரிசல் விடுகிறது, கல் பறந்து வந்து ஓட்டின்மேல் விழுகிறது. குவாரிக்காரர்களின் பதிலும் மனப்பாடமாகத் தெரிந்ததுதான். லைசென்ஸ் இருக்கிறது, அளவாகத்தான் வெடி வைக்கிறோம், கல்லை உடைக்காமல் ரோடு எப்படிப் போடுவது, உங்கள் வீட்டுக் கான்கிரீட்டில் இருக்கும் ஜல்லி எங்கிருந்து வந்தது?

சண்டை போடும் இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. கல் உடைய வேண்டுமானால் ஊர் அதிர்ந்தே தீரும் என்று இருவருமே நம்புகிறார்கள். அதைத் தாங்க முடியாது என்கிறார் ஒருவர். தாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் மற்றவர்.

அந்த நம்பிக்கைதான் தவறு. பாறைக்குள் வெடி என்ன செய்கிறது என்று நூறு வருடங்களாக ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு வேறு. குழியில் வைத்த மருந்தின் சக்தி கல்லைப் பிளக்கவும் தள்ளவும் செலவானால் ஊருக்குப் போவதற்கு அதிகம் மிஞ்சாது. ஊர் குலுங்குகிறது என்றால், காசு கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பங்கு கல்லை விட்டுவிட்டு மண்ணுக்குள்ளும் காற்றிலும் ஓடிவிட்டது என்று பொருள். அதிர்வை அறவே இல்லாமல் செய்ய யாராலும் முடியாது. ஆனால் வீடு நடுங்கும் அளவுக்கு அதிர்ந்தால் அது ஊருக்கு மட்டும் நட்டமல்ல, குவாரிக்கும் நட்டம்தான்.

நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது

சென்னையில் வீடு கட்டியவர்களுக்குப் பல்லாவரம், திரிசூலம் பக்கத்து நீலக்கல்லைத் தெரிந்திருக்கும். புளூ மெட்டல் என்று லோடு கணக்கில் வாங்கிய அந்தக் கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்லில் செய்தது. அங்கே அதைப் பார்த்து, பரங்கிமலைப் பாறையும் இதே இனம்தான் என்று கண்டு 1890களில் இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்து உருவான கல் என்பதால், கட்டுமானத்துக்கு இதைவிடக் கெட்டியான ஜல்லி கிடைப்பது அரிது.

எவ்வளவு கெட்டி? கிரானைட், சார்னோகைட் போன்ற நல்ல பாறையில் ஒரு துண்டை எடுத்து இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு 1,500 முதல் 2,000 கிலோ வரை தாங்கும். அதே கல்லை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் 100, 150 கிலோவிலேயே இரண்டாகிவிடும். அழுத்தத்துக்கு இருக்கும் பலத்தில் பத்தில், பதினைந்தில் ஒரு பங்குதான் இழுவைக்கு இருக்கிறது. கல்லின் இந்தப் பலவீனத்தின்மேல்தான் குவாரித் தொழில் முழுவதும் நிற்கிறது. கோயில் கட்டிய தச்சர்கள் கல் உத்தரங்களுக்கு இடையில் தூண்களை நெருக்கி நெருக்கி நிறுத்தியதற்கும் இதுதான் காரணம். உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடும். கல் அதைப் பொறுக்காது.

ஏன் பொறுப்பதில்லை என்பதற்கு விடை கல்லைத் தொடாத ஒருவரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஏ.ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியை எடுத்துச் சோதித்தார். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைக் கணக்குப் போட்டால் கண்ணாடி எவ்வளவோ தாங்க வேண்டும், நடைமுறையில் அதில் சிறு பங்கிலேயே உடைந்துவிடுகிறது. 1921ல் வெளியான கட்டுரையில் அவர் காரணத்தைச் சொன்னார். எந்தப் பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் முன்பே இருக்கின்றன. இழுக்கும்போது விசையெல்லாம் விரிசலின் நுனியில் போய்க் குவிகிறது. துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கையாலேயே சர்ரென்று கிழிப்பாரே, அதேபோலத்தான் வெட்டு இருக்கிற இடத்திலிருந்து கல்லும் கிழிகிறது. விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும். அழுத்தும்போது விரிசலின் வாய் மூடிக்கொள்வதால் கல் தாங்கிவிடுகிறது.

பாறையில் இந்த வெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. தாதுத் துகள்களுக்கு இடையில் இருக்கும் எல்லைகள், குளிரும்போது விழுந்த நுண்விரிசல்கள், மலை எழும்பியபோது விட்ட பெரிய பிளவுகள் என்று எல்லா அளவிலும் இருக்கின்றன. ஆகவே கல்லை உடைக்க வந்தவனுக்குக் கல்லை அடித்து நொறுக்கும் வேலை கிடையாது. அதற்குள் இழுவையை உண்டாக்கினால் போதும். வெடியோ வெளிப்பக்கம் தள்ளுகிற பொருள். தள்ளுவதை இழுப்பதாக மாற்றுவது எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குழிக்குள் நடப்பது

110 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குழி. பாறையின் திறந்த முகத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிச் செங்குத்தாக இறங்குகிறது. இந்த மூன்று மீட்டரைக் குவாரியில் பர்டன் என்பார்கள். குழியின் அடியில் மருந்து, மேற்பகுதியில் கல்தூளும் பொடிக்கல்லும் போட்டு இறுக்கிய அடைப்பு. அடியில் இருக்கும் கேப்பு, அதாவது மருந்தைத் தூண்டிவிடும் டெட்டனேட்டர், வெடிக்கிறது.

இன்று குவாரியில் பெரும்பாலும் புழங்குவது எமல்ஷன் தோட்டாக்களும், அமோனியம் நைட்ரேட்டில் டீசல் கலந்த மருந்தும்தான். ஆல்ஃபிரட் நோபல் 1867ல் காப்புரிமை பெற்ற டைனமைட்டின் வாரிசுகளான நைட்ரோகிளிசரின் வெடிகளை இந்தியா 2004 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. பெய்ரூட் துறைமுகத்தை 2020 ஆகஸ்டில் தரைமட்டமாக்கியதும் இதே அமோனியம் நைட்ரேட்தான். அந்தச் செய்தி வந்த வாரத்தில், சென்னை மணலியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த சுமார் 700 டன் சரக்கை அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். உரமாகவும் பயன்படுகிற உப்புதான், ஆனால் குழிக்குள் வேறு குணம்.

குழிக்குள் வெடிப்பு அலை நொடிக்கு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் மருந்தின் ஊடாக மேலேறுகிறது. பத்து மீட்டர் குழியானாலும் மூன்று மில்லிநொடியில், அதாவது நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்தில், மருந்து முழுவதும் வெப்பவாயுவாக மாறிவிடும். அப்போது குழிச்சுவரில் விழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கும் அதற்கு மேலும். 2,000 கிலோ தாங்கும் என்று சொன்ன கல்லும் அந்த இடத்தில் தாங்காது. குழியை ஒட்டிய ஒரு சிறு வளையம் பொடியாகிவிடுகிறது. கல் உண்மையாகவே நசுங்கி உடையும் ஒரே இடம் அதுதான். அகலம் குழி விட்டத்தின் ஒன்றிரண்டு மடங்குக்கு மேல் போகாது. அங்கே செலவாகும் சக்தி வெறும் தூசியாகிறது.

அந்த வளையத்துக்கு வெளியே அலையின் பலம் வேகமாகக் குறைந்துவிடும். இனி அதனால் கல்லை நசுக்க முடியாது. ஆனால் குழியைச் சுற்றியுள்ள கல் வெளிப்பக்கம் தள்ளப்படும்போது அதன் சுற்றளவு விரிய வேண்டியிருக்கிறது. விரிவது என்றால் இழுபடுவது. தள்ளுவது இழுப்பதாக மாறும் முதல் இடம் இதுதான். குழியை மையமாக வைத்து நாலாபுறமும் ஆரங்களாக விரிசல்கள் கிளம்பும். கல்லுக்குள் ஒலி போகும் வேகத்தில் ஏறத்தாழ கால்வாசி வேகத்தில் அவை ஓடும். பலவும் பாதியிலேயே நின்றுவிட, சில மட்டும் குழி விட்டத்தின் இருபது முப்பது மடங்கு தூரம் போகும். 110 மில்லிமீட்டர் குழிக்குப் பர்டன் மூன்று மீட்டர் என்று வைத்ததன் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

விரிசல்களை முந்திக்கொண்டு அழுத்த அலை ஓடுகிறது. நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் மூன்று மீட்டர் பர்டனைக் கடக்க ஒரு மில்லிநொடிகூட ஆகாது. அங்கே பாறை முடிந்து காற்று தொடங்குகிறது. அந்த எல்லையில் நடப்பதைக் கல்லை வைத்து அறியவில்லை, இரும்பை வைத்துத்தான் முதலில் விளக்கினார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தடித்த எஃகுத் தகட்டின் ஒரு பக்கத்தில் வெடியை ஒட்டி வெடிக்கவைத்தார். வெடி பட்ட பக்கத்தில் பள்ளம் மட்டும் விழுந்தது. எதிர்ப்பக்கத்தில், வெடியே தொடாத முகத்திலிருந்து, எஃகுச் சில்லு ஒன்று பிய்ந்து பறந்தது. அவருடைய 1914ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழியில் வந்த விளக்கம் இது: அழுத்தமாக ஓடிவந்த அலை, தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இல்லாத முகத்தில் மோதி, இழுவையாகத் திரும்புகிறது. தள்ளுவதற்குத் தாங்கிய பொருள் திரும்பிவரும் இழுவைக்குத் தாங்குவதில்லை.

பாறைக்கும் இதுவேதான். திறந்த முகத்திலிருந்து கல் உட்பக்கமாக இழுபட்டுப் பிய்கிறது. முன்பே இருக்கும் விரிசல்களை இந்தத் திரும்பும் அலை தட்டி எழுப்புகிறது. ஆகவே மருந்துக்கு அடுத்தபடி, பாறையை உடைப்பதில் பெரிய பங்கு வெறும் காற்றுக்கு. முகம் திறந்திருக்க வேண்டும். முகம் அடைபட்ட பாறையில் வெடி வைப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு பெரிய சான்று இருக்கிறது.

வான்கூவர் தீவை ஒட்டிய சீமோர் நீரிணையில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைச் சிகரப் பாறை நீருக்கடியில் இருந்தது. அலை வற்றும்போது அதன் தலைக்குமேல் மூன்று மீட்டர் தண்ணீர்கூட நிற்காது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருந்தது. மிதவையை நங்கூரமிட்டு நிறுத்தி மேலிருந்து குழி போட 1940களில் இருமுறை முயன்றார்கள். நீரோட்டத்தில் மிதவை நிற்கவில்லை. பிறகு பக்கத்துத் தீவிலிருந்து கடலடியில் சுரங்கம் வெட்டி, பாறைக்குள் ஏறி, 1,270 டன் வெடிமருந்தை அடைத்து, 1958 ஏப்ரல் 5 காலையில் வெடித்தார்கள். கனடாவில் அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். பாறையும் தண்ணீருமாகப் பெயர்ந்தது சுமார் 6,35,000 டன். டன்னுக்கு இரண்டு கிலோ மருந்து. முகம் நன்றாகத் திறந்திருக்கும் ஒரு சாதாரணக் குவாரியில் டன்னுக்கு 100 முதல் 250 கிராம் போதும். பாறையின் எல்லா முகத்திலும் தண்ணீர் சாய்ந்துகொண்டிருந்ததும், உடைந்த கல்லை மேல்நோக்கித் தூக்கியாக வேண்டியிருந்ததும்தான் இந்தப் பத்து மடங்குச் செலவுக்குக் காரணம்.

அலையா, வாயுவா?

இதுவரை சொன்னதெல்லாம் ஓரிரு மில்லிநொடிக் கதை. பாறை இன்னும் அசையவே இல்லை. விரிசல் விட்டு, பார்ப்பதற்கு முழுசாக, இருந்த இடத்திலேயே நிற்கிறது. வாயுவின் வேலை இனிமேல்தான். அழுத்தம் குறையாத வெப்பவாயு விரிசல்களுக்குள் புகுந்து, அவற்றை நெம்பி அகட்டி, மொத்தப் பர்டனையும் முன்னால் தள்ளுகிறது. பாறை நகரத் தொடங்கப் பத்து, இருபது மில்லிநொடி ஆகலாம். நாம் தூரத்தில் நின்று பார்க்கும் வெடி இந்தக் கடைசிக் கட்டம்தான்.

கல்லை உடைப்பது அலையா வாயுவா என்று துறைக்குள் ஒரு நீண்ட சச்சரவு நடந்தது. 1950களில் ஜப்பானியர் குமாவோ ஹினோ திரும்பும் அலைக்கே முதலிடம் கொடுத்தார். வாயுதான் எல்லாம் என்றவர்களும் இருந்தார்கள். 1971ல் குட்டரும் ஃபேர்ஹர்ஸ்ட்டும் இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சோதித்து, அலை விரிசலைத் தொடங்கிவைக்கிறது, வாயு அதை நீட்டுகிறது என்று காட்டினார்கள். எனக்குப் பிடித்த சோதனை 1980களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் பிரிங்க்மன் செய்தது. குழிக்குள் எஃகுக் குழாயைச் செருகி அதற்குள் வெடித்தார். அலை எஃகைக் கடந்துபோகும், வாயு போகாது. கல் எவ்வளவு சிறிதாக உடைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அலை தீர்மானிக்கிறது, பர்டன் பெயர்ந்து வெளியே வருமா வராதா என்பதை வாயு தீர்மானிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இத்தனை எளிய ஒரு குழாயில் இத்தனை பெரிய வழக்கு தீர்ந்தது.

இதில் ஊருக்கு என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. வாயு வேலை செய்ய வேண்டுமானால் அது குழிக்குள் சில மில்லிநொடிகளாவது அடைபட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் குழியின் வாயில் அடைப்பு. பொடிக்கல் போட்டு ஒழுங்காக இறுக்கியிருந்தால் வாயு விரிசலைத் தேடிப் போகும். அவசரத்தில் கையில் கிடைத்த மண்ணை அள்ளிப்போட்டு மூடினால் வாயு மேலே பீறிட்டுப் போய்விடும். பெரும் சத்தமும், காற்று அதிர்ந்து ஜன்னலும் பாத்திரமும் கடகடப்பதும், அடைப்புக் கல் குண்டுபோல் பறப்பதும் அந்த ஓட்டையிலிருந்து வருபவை. சத்தத்தைக் கேட்டு “நல்ல வெடி” என்று சொல்கிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கல்லுக்குள் செலவாகாத சக்திதான் காதில் வந்து விழுகிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வெடியின் சக்தியில் கல்லை உடைக்கவும் நகர்த்தவும் போவது கால்வாசி அளவே என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. மீதி வெப்பமாகவும் சத்தமாகவும் நில அதிர்வாகவும் போகிறது. அந்தக் கால்வாசியைக் கூட்டுவதும் குறைப்பதும் குழி போடுகிறவர் கையில் இருக்கிறது. குழிக்கூலியை மிச்சம் பிடிக்கக் குழியை முகத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போட்டால், திரும்பிய அலை வலுவிழந்துவிடும், வாயுவாலும் அவ்வளவு பெரிய பாரத்தைத் தள்ள முடியாது. பாறை அசையாமல் நிற்க, சக்தி பின்பக்கமாக நிலத்துக்குள் இறங்கும். அதிர்வு கூடுவது இப்படித்தான். நெருக்கிப் போட்டாலோ, தேவைக்கு மேல் மிஞ்சிய வாயு கல்லைத் தூக்கி எறியும். இரண்டுக்கும் நடுவில்தான் சரியான இடம். பாறையில் பிளவு எங்கே ஓடுகிறது, மேல்பாறை எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு முறையும் அதைத் தேட வேண்டும்.

இருபத்தைந்து மில்லிநொடி

அதிர்வைக் குறைக்க இந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் மிகப் பெரியது, எல்லாக் குழியையும் ஒன்றாக வெடிக்காமல் இருப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் இடையில் 17, 25, 42 மில்லிநொடி என்று தாமதம் கொடுக்கும் டெட்டனேட்டர்கள் இருக்கின்றன. காதுக்கு ஒரே வெடிபோலத்தான் கேட்கும். பாறைக்குத் தெரியும். முதல் வரிசை வெடித்து 25 மில்லிநொடியில் உடைந்த கல் முன்னால் நகரத் தொடங்கியிருக்கும். பின்வரிசைக் குழிகளுக்கு எதிரே புதிதாக ஒரு திறந்த முகம் உருவாகியிருக்கும். வெடிக்கும் ஒவ்வொரு குழியும் அடுத்த குழிக்கு வழி திறந்துவிடுகிறது. கல் நன்றாக உடையும், கிரஷருக்குப் போகும் துண்டு சிறிதாகும், மருந்து மிச்சமாகும்.

ஊருக்கும் இதில் லாபம். குறைந்தது எட்டு மில்லிநொடி இடைவெளி இருந்தால் இரண்டு வெடியையும் தனித்தனி அதிர்வாகக் கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வுகளிலிருந்து வந்து உலகெங்கும் நிலைத்த விதி. ஆகவே மொத்தம் எத்தனை கிலோ மருந்து என்பது இரண்டாவது கேள்விதான். ஒரே கணத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதே முதல் கேள்வி. அந்தக் கிலோ நான்கு மடங்கானால், முன்பு 200 மீட்டரில் இருந்த அதிர்வு இப்போது 400 மீட்டரில் இருக்கும். திரியைக் கொளுத்திவிட்டு ஓடும் குவாரிகளில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தக் குழி எப்போது வெடிக்கும் என்பது கொளுத்தியவருக்கே தெரியாது.

அதிர்வை அளக்க வழி இருக்கிறது. நிலத்தின் ஒரு துகள் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்பதுதான் அளவு. இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997ல் வெளியிட்ட சுற்றறிக்கையில் வரம்பு இருக்கிறது. குவாரிக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அதிர்வு நொடிக்கு எட்டுக்கும் குறைந்த தடவை ஆடும் மெதுவான வகையானால் 5 மில்லிமீட்டர். எட்டு முதல் இருபத்தைந்து வரை என்றால் 10. அதற்கும் மேல் 15. பழமையான நினைவுச் சின்னங்களுக்கு இதே மூன்று நிலைகளில் 2, 5, 10. மெதுவாக ஆடும் அதிர்வுக்கு வரம்பு கடுமையாக இருக்கக் காரணம், ஒன்றிரண்டு மாடி வீடுகள் இயல்பாக ஆடும் வேகமும் அதுவே என்பது. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும்.

இங்கே குவாரிக்காரர்களுக்கும் நியாயம் சொல்லியாக வேண்டும். மனித உடல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். உணர்ந்த அதிர்வெல்லாம் சுவரை விரியவைக்காது. கரிசல் மண்ணில் அஸ்திவாரம் ஆழமில்லாமல் எழுப்பிய வீடு, குவாரியே இல்லாத ஊரிலும் கோடையில் விரிசல் விடும். வெடிக்குப் பிறகு சுவரைப் பார்ப்பவர், நெடுநாளாக இருந்த விரிசலையும் அன்றுதான் கவனிக்கிறார். விரிசலுக்கு யார் பொறுப்பு என்பதை மனுவும் தீர்க்காது, மறுப்பும் தீர்க்காது. கருவிதான் தீர்க்கும். வெடிக்கு முன்பே வீடுகளைப் படமெடுத்து வைத்து, வீட்டு வாசலில் கருவி வைத்து அளந்து, எண்ணை எழுதிவைத்தால் பாதிச் சண்டை அன்றே முடிந்துவிடும்.

விரிசலுக்குப் பயப்படும் தொழில்

ஜல்லிக் குவாரிக்கு விரிசல் வரவு. சமாதிக்கும் சமையலறைக்கும் பலகை அறுக்கும் கிரானைட் குவாரிக்கு அது நட்டம். பாலிஷ் போட்ட பலகையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் கல்லுக்கு விலை இல்லை. அதனால் அங்கே வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறித் தட்டி, விரிசல் ஒரே கோட்டில் ஓடும்படி கல்லைப் பிளப்பார்கள். மாமல்லபுரத்தில் ஆப்புக்குழி வரிசையோடு நிற்கும் பாறைகளை இன்றும் பார்க்கலாம். வெடி வைத்தே ஆக வேண்டும் என்றால் மெதுவாக எரிந்து தள்ளும் கரிமருந்தைச் சிறிதளவு வைப்பது உலகெங்கும் பழைய வழக்கம். இப்போது வைரக்கம்பி ரம்பம் வந்து அதையும் ஓரங்கட்டிவிட்டது. விரிசலைச் சொன்னபடி கேட்கவைக்க முடியும் என்பதற்கு இந்தத் தொழிலே சாட்சி.

ஜல்லிக் குவாரிகள் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டிய இடம், வெடித்த பிறகு எஞ்சி நிற்கும் சுவர். ஆர விரிசல்கள் முன்பக்கம் மட்டும் ஓடுவதில்லை. பின்பக்கமும் ஓடுகின்றன. ஒவ்வொரு வெடியும் தனக்குப் பின்னால் நிற்கும் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டுப் போகிறது. வெளியே தெரியாது. மழைத் தண்ணீர் இறங்கும்போதோ, அடியில் இயந்திரம் வேலை செய்யும்போதோ சரியும். எல்லைச் சுவரை ஒட்டி நெருக்கமாகக் குழி போட்டு, குறைந்த மருந்தால் முன்கூட்டியே ஒரு விரிசல் கோடு உண்டாக்கினால், பிறகு வரும் பெரிய வெடியின் விரிசல்கள் அந்தக் கோட்டில் நின்றுவிடும். 1950களின் கடைசியில் நயாகரா மின்திட்டத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். நெடுஞ்சாலைக்கு மலையை வெட்டுகிறவர்கள் இன்றும் செய்கிறார்கள். நம் குவாரிகளில் படிப்படியாக வெட்டாமல், ஒரே சுவராகக் கிணறுபோல் இறங்குவதையே அதிகம் பார்க்கிறோம்.

2022 மே 14 இரவு நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். ஆழம் ஏறக்குறைய 300 அடி. அடுத்தடுத்துப் பாறை சரிந்ததால் மீட்கப் போனவர்களே தடுமாறினார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் பாறை சரிந்து உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் தளர்ந்த பாறைக்குக் கீழே ஆளை நிறுத்தக் கூடாது என்பதற்கு விசாரணை தேவையில்லை. அதிர்வைப் பற்றிப் பேசும்போது நாம் ஊரையே நினைக்கிறோம். அதே அதிர்வு முதலில் போய்ச் சேர்வது அந்தச் சுவருக்குத்தான். அதன் அடியில் நிற்பவர் பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்த கூலித் தொழிலாளி. அவர் மனு கொடுக்க வருவதில்லை.

இன்னொரு வீணான வெடியையும் சொல்ல வேண்டும். சரியாக உடையாமல் விழுந்த பெரிய குண்டுக்கற்களை மறுபடி உடைக்க, கல்லின்மேல் தோட்டாவை வைத்து மண் பூசி வெடிப்பது. அடைப்பும் இல்லை, குழியும் இல்லை. சக்தியில் பெரும்பகுதி நேராகக் காற்றுக்குப் போகிறது. ஊரில் அதிகம் கேட்கும் சத்தமும், கணிக்க முடியாத திசையில் பறக்கும் கல்லும் இதிலிருந்து வருவதுதான். ஹிட்டாச்சியில் பிரேக்கர் மாட்டி உடைத்தால் வேலை முடிந்தது. முதல் வெடியே ஒழுங்காக இருந்தால் குண்டுக்கல்லே குறையும்.

கேட்க வேண்டியது

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்கிறது தமிழ்நாடு சிறுகனிம விதி. வெடிக்கும்போது 500 மீட்டர் வரை ஆபத்து வட்டமாகக் கொள்ளச் சொல்கிறது சுரங்கப் பாதுகாப்புத் துறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 200 மீட்டரில் வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, மேய்ச்சலுக்குப் போகும் ஆடு மாடுகளும் இருக்கின்றன. இந்த இடைவெளியை அரசுதான் அடைக்க வேண்டும்.

அதுவரை ஊர்க்காரர்கள் மனுவின் வாசகத்தை மாற்றலாம். “வீடு அதிர்கிறது” என்று எழுதினால் “அதிரவில்லை” என்று பதில் வரும். அதற்குப் பதிலாக எண்ணைக் கேளுங்கள். ஒரே கணத்தில் வெடித்த மருந்து எத்தனை கிலோ? குழிகளுக்கு இடையே தாமதம் எத்தனை மில்லிநொடி? என் வீட்டு வாசலில் பதிவான அதிர்வு நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர்? முறையாக நடக்கும் குவாரியில் இந்த மூன்றும் வெடிப் பதிவேட்டில் இருக்கும். இல்லையென்றால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம்.

மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு குவாரியும் வெடி வைத்த அன்றே அதிர்வு அளவை ஊராட்சி மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போடலாம். குவாரிக்கு ஆகும் செலவு ஒரு கருவி, ஒரு தாள்.